தூர்வாரிய கண்மாயில் தண்ணீர் ஏன் தங்கவில்லை?

9 ஜூன் 2023. காளையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் ஊர்க் கண்மாயை 2019-இல் தூர்வாரினார்கள். பொக்லைன் வைத்து நன்றாக ஆழப்படுத்தினார்கள், கரையையும் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு நல்ல மழை பெய்த ஆண்டுகளிலும் தை பிறந்ததும் மடையில் (வயலுக்குத் தண்ணீர் விடும் மதகில்) தண்ணீர் வருவது நின்றுவிடுகிறது. தூர்ந்து கிடந்த காலத்தில் மாசி வரை பாய்ந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர், நீர்ப்பாய்ச்சி (மடையைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஊர் ஆள்) இல்லாத கண்மாயை எத்தனை அடி தோண்டினாலும் ஒன்றுதான் என்கிறார். இது பழைய நம்பிக்கை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஷட்டரைத் திருகினால் தண்ணீர் வருகிறது, திரும்பத் திருகினால் நிற்கிறது. இதற்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு? பாரம்பரிய அறிவு என்று பேசுகிறோமே, அதில் இன்றைக்குப் பயன்படக்கூடியது எவ்வளவு?

9 ஜூன் 2023, இரவு

எங்கே தோண்டினார்கள் என்பதை முதலில் பாருங்கள். கண்மாய் சரிவான நிலத்தில் வளைத்துப் போட்ட மண்கரை. கரையையொட்டி ஆழம் மிகுதி, தண்ணீர் வந்து சேரும் பக்கமான உள்வாய்க்குப் போகப்போக ஆழம் குறைவு. மடையின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும் தண்ணீர் மட்டுமே தானாக வயலுக்குப் பாயும். அந்த மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்பதை மாடு குடிக்கலாம், மீன் கிடக்கலாம், சுற்றியுள்ள கிணறுகள் ஊறலாம். மோட்டார் வைத்து இறைத்தாலன்றி அது ஒரு வயலைக்கூட நனைக்காது. அதோடு, ஐப்பசியில் வரும் முதல் வெள்ளம் அந்தப் பள்ளங்களை நிரப்பிய பிறகே மடைமட்டத்தைத் தொடும். தூர்ந்து கிடந்தபோது முதல் வெள்ளமே மடைக்கு மேலே நின்றிருக்கும். உங்கள் கண்மாய் தைக்கே நின்றுவிடுவதற்கு இது முதல் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இளையான்குடிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாயிலும் இதே வேலைதான் நடந்தது. மடைக்கு நேர் எதிரே பெரிய குழி பறித்து, அந்த மண்ணையே கரையில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

11 ஜூன் 2023

மண்ணைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கண்மாயின் அடியில் படியும் வண்டலை எங்கள் பக்கத்தில் கரம்பை என்போம். சித்திரை, வைகாசியில் கண்மாய் வறண்டதும் மாட்டுவண்டி கட்டிக் கரம்பை அள்ளி, அவரவர் நிலத்தில் குவியல் குவியலாகப் போட்டு, கோடை மழைக்குப் பின் இறைத்து உழுவார்கள். செம்மண் புஞ்சைக்கு இதைப் போல ஓர் உரம் கிடையாது. களிமண் துகளும் மக்கிய இலைதழையும் சேர்ந்த மண்ணாகையால், மழை விட்ட பின்னும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒருமுறை போட்ட நிலத்தில் அதன் குணம் சில ஆண்டுகள் தெரியும்.

இதில் நான் மிகவும் மதிக்கும் ஒரு நுட்பம் உண்டு. விவசாயி அள்ள வந்தது உரத்துக்காக. மண்வெட்டியில் மணலோ சுண்ணாம்புக் கல்லான சுக்கானோ தட்டுப்பட்டால் அதோடு அந்த இடத்தை விட்டுவிடுவான், ஏனென்றால் அது அவன் நிலத்துக்கு ஆகாது. ஆகவே கண்மாயின் அடியில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் களிப்படுகை அறுபடாமல், மேலே படிந்த ஆண்டு வண்டல் மட்டும் வெளியேறியது. யாரும் சட்டம் போட்டு அளவு குறிக்கவில்லை. எடுப்பவனின் தேவையே அளவாக இருந்தது. கன மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒப்பந்ததாரருக்கு அந்த அளவு கிடையாது. ஆழம் கூடக்கூட அவருக்கு வருமானம். களிப்படுகையை வெட்டி மணல் தெரியும் வரை போய்விட்டால், நின்ற தண்ணீர் கீழே இறங்கிவிடும். உங்கள் கண்மாயில் குழிகளின் அடியில் என்ன நிறம் தெரிகிறது என்று இந்தக் கோடையிலேயே இறங்கிப் பாருங்கள்.

2017-இல் தமிழ்நாடு அரசு கனிம விதிகளில் தளர்வு தந்து, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ள வழி செய்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அனுமதிச் சீட்டில் டிராக்டர் நடைக் கணக்கு இருக்குமே தவிர, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று காட்ட ஆள் இருக்காது.

12 ஜூன் 2023

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் பார்க்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கண்மாயை எவ்வளவு செப்பனிட்டாலும் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தால் உள்ளே வர வேண்டிய தண்ணீர் பாதி வழியில் பரவிப் போய்விடும். செலவு குறைந்த வேலையும் பலன் மிகுந்த வேலையும் அதுதான். புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும்.

18 ஜூன் 2023

இப்போது ஷட்டர் விஷயத்துக்கு வருகிறேன். "திருகினால் வருகிறது" என்பது உண்மை. எப்போது திருகுவது, எவ்வளவு, யாருக்காக, எந்த நாளில் திருகாமல் இருப்பது என்பதற்குத்தான் ஆள் தேவைப்படுகிறார்.

எங்கள் வட்டாரத்தில் நெல்லைப் புழுதி விதைப்பாக விதைக்கிறோம். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பது வழக்கம். நொறுங்கன், குழியடிச்சான் போன்ற நாட்டு ரகங்கள் இந்த முறைக்கென்றே நிலைத்தவை. முளைத்த பிறகு மழை சில வாரம் பிந்தினாலும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பயிர் வானத்துத் தண்ணீரில் வளர்ந்துவிடும். கண்மாய்த் தண்ணீருக்கு உண்மையான வேலை மார்கழியிலும் தையிலும், மழை விட்ட பின் பயிர் கதிர் வாங்கி, பால் பிடிக்கும் வேளையில் வருகிறது. அந்த நேரத்தில் இரண்டு மூன்று நனைப்பு கிடைத்தால் நெல், கிடைக்காவிட்டால் பதர். ஆகவே ஐப்பசியிலேயே மடையைத் திறக்கச் சொல்லி நெருக்கும், கண்மாய்க்கு அருகில் நிலமுள்ள மேல்மடைக்காரரிடம், "இன்னும் மழை இருக்கிறது, பொறுங்கள்" என்று சொல்லி மறுக்கும் உரிமையும் துணிவும் ஒருவரிடம் இருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் நீர்ப்பாய்ச்சி.

எங்கள் ஊரில் கடைசியாக அந்த வேலையைப் பார்த்தவரோடு நான் இளவயதில் நிறையச் சுற்றியிருக்கிறேன். வயலில் தண்ணீர் போதுமா என்பதை அவர் வரப்பில் நின்று பார்த்துச் சொல்லமாட்டார். உள்ளே இறங்கிக் குதிகாலை ஊன்றுவார். கால் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு விரைவாக ஊறுகிறது என்று பார்ப்பார். உடனே ஊறினால் வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாய்மடையை அடைத்துவிட்டு அடுத்த வயலுக்குப் போவார். நிலக்காரர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவர் அடைத்ததைத் திறக்கக் கூடாது. நிலத்துச் சொந்தக்காரர் தன் வயலுக்குத் தானே தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்பதும் எங்கள் ஊர் வழக்கு. அந்த ஒரு விதியால் கடைசி வயல்களான கடைமடைக்குத் தண்ணீர் போனது.

கரையில் அவர் செய்த காவல் இன்னும் முக்கியமானது. கண்மாய் நிறைந்தால் கரை கசியத்தான் செய்யும். கசிவைக் கண்டு பதறக் கூடாது, அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும் என்பார். கரையின் வெளிப்பக்கம் ஈரம் கண்ட இடத்தில் செம்பை வைத்து வடியும் நீரைப் பிடித்து, சற்று நேரம் அசையாமல் வைத்திருப்பார். நீர் தெளிவாக இருந்து அடியில் ஒன்றும் படியாவிட்டால் கரை தன் இயல்பில் கசிகிறது. மண் படிந்தால் உள்ளே மண் அரித்துக் குழாய் போல வழி விழுகிறது. நண்டு வளையோ மக்கிப்போன வேரோ அதற்குத் தொடக்கமாக இருக்கும். உடனே உட்பக்கம் போய், நீர்ப்பரப்பில் எங்கே சிறு சுழி தெரிகிறது என்று தேடி, அந்த இடத்தில் முங்கி வைக்கோல் புரியும் களிமண்ணும் திணிப்பார். மண் அணை பற்றிய பொறியியல் பாடமும் தெளிந்த கசிவு, கலங்கிய கசிவு என்ற இதே வேறுபாட்டைத்தான் அபாய அறிகுறியாகக் கொள்கிறது. அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். ஷட்டர் இந்த வேலையைச் செய்யாது.

20 ஜூன் 2023

"அப்படியானால் அந்த மனிதர் ஏன் இப்போது இல்லை?" என்ற கேள்வி நியாயமானது.

நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி களத்துமேட்டில் நெல்லாகக் கிடைத்தது. அறுவடையின்போது வயலில் கதிர்க்கட்டு, களத்தில் தூற்றிய பின் மரக்கால் கணக்கு. ஆயக்கட்டில், அதாவது கண்மாய் பாயும் பரப்பில், நிலமுள்ள ஒவ்வொருவரும் நிலத்தின் அளவுக்கேற்பக் கொடுத்தாக வேண்டும். விளைச்சல் நன்றாக இருந்தால் அவர் பங்கும் கூடும், கடைமடை கருகினால் அவர் பங்கும் கருகும். ஆகவே கடைசி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவருக்கும் அக்கறை இருந்தது.

ஆயக்கட்டுக்குள் கிணறு வெட்டி மோட்டார் வைத்தவர்கள் முதலில் கொடுப்பதை நிறுத்தினார்கள். எண்பதுகளில் சிறு விவசாயிகளுக்கும் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்த பின், கிணறு உள்ளவருக்கு மடையைப் பற்றிய கவலை இல்லாமல் போனது. அந்தக் கிணறே கண்மாய் நிறைந்தால்தான் ஊறுகிறது என்பது அவருக்குத் தெரியும், தெரிந்தும் கொடுக்கவில்லை. பிறகு அறுவடை இயந்திரம் வந்தது. நெல் வயலிலிருந்தே டிராக்டர் ஏறிப் போனபோது களத்துமேடும் போனது, மரக்காலும் போனது. வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். மகன்கள் திருப்பூருக்குப் போனார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

21 ஜூன் 2023

குடிமராமத்து, அதாவது ஊராரே கண்மாயைச் செப்பனிடும் வழக்கம், ஊரே மனமுவந்து கூடிச் செய்த வேலை என்று எழுதியவருக்கு: அப்படி நடந்த ஊர்களும் நாள்களும் உண்டு. ஆனால் 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. உடைப்பெடுக்கும் கரையைக் காக்க ஊராரை வேலைக்கு அழைக்கவும், வழக்கமாகச் செய்ய வேண்டிய மராமத்தைச் செய்யத் தவறியவரிடம் பணம் வசூலிக்கவும் அதில் இடமிருந்தது. மனமுவந்து நடக்கும் வேலைக்குச் சட்டம் தேவைப்படாது.

யார் மண் சுமந்தார், யார் மேற்பார்வை பார்த்தார் என்றும் கேட்க வேண்டும். மடை திறக்க முங்கியவர்களும் கரை காத்தவர்களும் பெரும்பாலும் பட்டியல் சாதியினர். பலருக்கு ஆயக்கட்டில் ஒரு துண்டு நிலமும் இல்லை. பரம்பரையாக விதிக்கப்பட்ட வேலை அது, விட்டுவிட்டுப் போகும் உரிமை பல ஊர்களில் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டின் ஏரி வாரியத்தை எல்லோரும் பெருமையோடு சொல்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி குடவோலையில் பெயர் இடம்பெறக் கால் வேலி வரிநிலமும், சொந்த மனையில் வீடும், 35 முதல் 70 வரை வயதும் வேண்டும். வேதக் கல்வித் தகுதியும் உண்டு. ஏரியை அறிந்து இறங்கி வேலை செய்தவரின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்க வழியில்லை. இந்த அறிவைப் போற்றும்போது அதைச் சுமந்தவர்களுக்கு நடந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2 ஜூலை 2023

இலங்கையின் வவுனியாவிலிருந்து, அங்குள்ள குளங்களைப் பற்றி எழுதியவரின் குறிப்பு மிகவும் பயனுள்ளது. நாங்கள் மடை என்பதை அவர்கள் துருசு என்கிறார்கள், மிகுந்த தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு என்பதை வான் என்கிறார்கள், வேலை ஒன்றே. இலங்கையின் உலர் வலயத்தில் பஞ்ச காலத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு, சிங்களத்தில் பெத்ம என்பார்கள். குளத்தில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது என்றால், வயல் முழுவதையும் விதைத்து எல்லோரும் கெடாமல், குளத்துக்கு அருகிலுள்ள பகுதியை மட்டும் விதைப்பது என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அந்தப் பகுதியை, நிலம் யாருடையதாக இருந்தாலும், அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். கடைசி வயல்காரரும் அந்த ஆண்டு வெறுங்கையோடு இருக்கமாட்டார்.

நீர் மேற்பார்வைக்கு இருந்த வெல் விதானை என்ற பதவியை 1958-இன் நெற்காணிச் சட்டம் நீக்கி, பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. பரம்பரைச் செல்வாக்கை உடைக்க அது தேவை என்று அன்று எண்ணினார்கள். கிழக்கு மாகாணத்தில் வட்டை விதானை என்ற பெயரில் விவசாயிகளே ஒருவரை ஏற்படுத்திக் கொள்வது தொடர்கிறது. பிறப்பால் வராமல், கூட்டத்தில் தேர்ந்தெடுத்து, கூலி பேசி அமர்த்தும் பதவியாக இருந்தால் நான் முந்தைய குறிப்பில் சொன்ன கொடுமை இதில் இல்லை. எங்கள் ஊருக்கும் இந்த வழி பொருந்தும் என்று இப்போது தோன்றுகிறது.

16 ஜூலை 2023

மீன் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. எங்கள் மாவட்டத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசிய பிறகு ஊத்தா, கச்சா என்ற மீன்பிடி கருவிகளோடு சுற்றுவட்டாரமே இறங்கும். கெளுத்தி, விரால், குரவை எல்லாம் வீட்டுக் குழம்புக்கு. தண்ணீரின் பயிர் வேலை முடிந்த பின்தான் மீன் என்ற வரிசை அதற்குள் இருந்தது. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடும் மீன்பாசி குத்தகை வந்த பிறகு இந்த வரிசை சில ஊர்களில் தலைகீழானது. குத்தகைதாரர் கட்லா, ரோகு விடுகிறார். பிடிப்பதற்குத் தண்ணீர் வடிய வேண்டும், ஆகவே மடை இரவில் திறந்து கிடக்கிறது. குத்தகைப் பணத்தில் ஒரு பகுதி அந்தந்தக் கண்மாய்க்கே செலவாக வேண்டும் என்றும், மடைமட்டம் வரை தண்ணீரைக் குறைக்க அவருக்கு உரிமையில்லை என்றும் ஏலத்துக்கு முன்பே எழுதி வாங்க வேண்டும்.

30 ஜூலை 2023

முதல் கேள்வியில் ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. "கரையையும் உயர்த்தினார்கள்" என்கிறார். கரையை மட்டுமா, கலுங்கையுமா?

எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனியானவையல்ல. மேலூர்க் கண்மாய் நிறைந்து கலுங்கில் உபரி நீராக மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழூர்க் கண்மாய்க்கு வரத்து. கலுங்கை ஓர் அடி உயர்த்தினால் நமக்கு ஓர் அடித் தண்ணீர் கூடும். அதே நேரத்தில் உள்வாயில் மேலூர்க்காரரின் நிலம் மூழ்கும், கீழூருக்கு மறுகால் பிந்தும். ஆகவேதான் கலுங்கு மட்டம் பற்றி ஊர்களுக்கிடையே இத்தனை வழக்கும் கைகலப்பும். பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகச் செங்குத்துக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பருவமழை அடங்கிய பின், அந்தக் கற்களுக்கிடையே புல்கரணையும் (புல்லோடு வெட்டிய மண்கட்டி) களிமண்ணும் வைத்துக் கொறம்பு கட்டி, கடைசியாக வரும் தண்ணீரைச் சற்றுக் கூடுதலாகப் பிடித்து வைப்பார்கள். எந்த நாளில் கட்டலாம், எவ்வளவு உயரம் கட்டலாம், கீழூரிலிருந்து ஆள் வந்து பார்க்கலாமா என்பதற்கெல்லாம் மாமூல், அதாவது பழைய வழக்கம், உண்டு. எங்கள் ஊரில் மார்கழி பிறந்த பிறகுதான் கொறம்பு. அதற்கு முன் கட்டினால் கார்த்திகை வெள்ளத்தில் கரை போய்விடும் என்ற அச்சம்.

ஜமீன் காலத்தில் இந்த மாமூலை மீறியவரை அரண்மனை கேட்டது. 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் கண்மாய்கள் அரசிடம் வந்தன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரிந்தன. தொடரில் மேலே உள்ளது ஒருவரிடமும் கீழே உள்ளது வேறொருவரிடமும் இருந்தால், தண்ணீர் பற்றிய ஒரே முடிவை யார் எடுப்பது?

21 டிசம்பர் 2023

கடந்த சில நாள்களாகத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை; பல குளங்களின் கரைகள் உடைந்துவிட்டன. அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள், அவர்களை எண்ணி மனம் கனக்கிறது.

ஜூலையில் நான் எழுதிய கொறம்பு விதியை இந்த மழையோடு வைத்துப் பார்க்க வேண்டும். டிசம்பர் 17 என்பது மார்கழி முதல் நாள். மழை அடங்கிவிட்டது என்று எங்கள் ஊர் வழக்கு எந்த நாளைக் குறிக்கிறதோ அதே நாளில் இந்த வெள்ளம் வந்திருக்கிறது. நாங்கள் இந்த ஆண்டு கொறம்பு கட்டவில்லை. கட்டிய ஒரு கண்மாயின் மேல் அந்த மழை விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பல தலைமுறைகள் வானத்தைப் பார்த்துச் சேர்த்த கணக்கு அது, அந்த வானத்துக்குப் பொருந்தியது. வானம் மாறும்போது நாளை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது அந்த முன்னோரின் முறைக்கே மாறானது, ஏனென்றால் அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கொறம்பு கட்டும் நாளை அதன்படி தள்ளிப்போடும் நீர்ப்பாய்ச்சியே இனித் தேவை. கலங்கிய கசிவைப் பார்க்கும் செம்பு அவரிடம் அப்படியே இருக்கட்டும்.

23 டிசம்பர் 2023

ஒரு நண்பர் தனியாக எழுதியிருந்தார்: 90 சென்டிமீட்டர் மழையில் எந்த நீர்ப்பாய்ச்சியும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்கிறார். அந்த மழையின் நடுவில் இருந்த குளங்களைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அந்த நடுவிலிருந்து தள்ளி, இதைவிடக் குறைந்த மழை பெய்த இடங்களில் கலுங்கு அடைபட்டும் மறுகால் ஓடையில் வீடும் வேலியும் நின்றும் கரை உடைவது ஆண்டுதோறும் நடப்பது. அங்கே ஐப்பசிக்கு முன் ஒருமுறை நடந்து பார்க்கும் ஆள் இருந்தால் போதும்.

14 ஜனவரி 2024

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருக்கிறார். குழியின் அடியில் வெண்மணல்தான் தெரிகிறதாம். லெவல் பார்க்கத் தெரிந்த ஓர் இளைஞரை வைத்து அளந்ததில், குழிகளின் பெரும்பகுதி மடைமட்டத்துக்குக் கீழே இருக்கிறதாம். கலுங்கை உயர்த்தவில்லையாம், நல்லது.

என்ன செய்யலாம் என்று கேட்கிறார். இந்தக் கோடையில், மடைக்கு எதிரே உள்ள குழிகளை மட்டும், உள்வாயில் படிந்திருக்கும் களிமண்ணை எடுத்து வந்து அடுக்கடுக்காகப் போட்டு, நனைத்து மிதித்து மூடுங்கள். மணலைப் போட்டு மூடாதீர்கள். எல்லாக் குழியையும் மூட வேண்டியதில்லை. உள்வாயில் தள்ளி இருக்கும் ஒன்றிரண்டு, மாட்டுக்கும் பறவைக்கும் கோடை முழுவதும் பயன்படும். கரையடியை ஒட்டியிருக்கும் குழி எதுவாக இருந்தாலும் முதலில் அதை மூடுங்கள், கரை சரிவதற்கு அதுவே காரணமாகிவிடும். உங்கள் கண்மாயின் முழுக்கொள்ளளவு மட்டம், மடைமட்டம், கலுங்கு மட்டம் எல்லாம் துறையிடம் கண்மாய்க் குறிப்பேட்டில் இருக்கும். நகல் கேட்டு வாங்கி, மடைக் கல்லில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.

3 மார்ச் 2024

நீர்ப்பாய்ச்சியின் கூலி நின்றுபோனதைப் பற்றி ஜூன் மாதத்திலேயே எழுதினேன். இதுவரை வந்த மறுமொழிகளையெல்லாம் திரும்பப் படித்தபோது, கூலிக்கும் முன்னால் விதி வர வேண்டும் என்ற எண்ணம் வலுப்படுகிறது. நீர்ப்பாய்ச்சி அடைத்த வாய்மடையை யாரும் திறக்கக் கூடாது என்று ஊர் ஒப்புக்கொள்ளாவிட்டால், மாதம் எவ்வளவு கொடுத்தாலும் அவர் நம்முடைய கோபத்தைத் தாங்கும் ஒரு கூலியாளாகவே இருப்பார். 2000-ஆம் ஆண்டின் பாசன முறைகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டத்தின் கீழ் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் வைக்கலாம். 2017-இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்திலும் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. சங்கம் பல ஊர்களில் மராமத்து வேலைக்குக் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிட்டது. அதன் முதல் தீர்மானம் மடை யார் கையில் என்பதாக இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் கடந்த வாரம் கூட்டம் போட்டோம். ஆயக்கட்டு நிலத்துக்கு ஏக்கர் கணக்கில் பணம், அறுவடை முடிந்ததும் சங்கக் கணக்கில் கட்ட வேண்டும். கிணறு உள்ளவரும் கட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது. கிணற்றுக்காரர்கள் சிலர் எழுந்து போனார்கள். கண்மாய் வறண்ட ஆண்டில் உங்கள் கிணறு எவ்வளவு நேரம் ஓடியது என்று ஓர் அம்மா கேட்டார். போனவர்களில் இருவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பழைய நீர்ப்பாய்ச்சியின் பேரன் ஊரில்தான் இருக்கிறார், எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறார். அந்தப் பொறுப்பை ஏற்பீர்களா என்று யாரோ கேட்டதற்கு, "பரம்பரை என்று சொல்லிக் கொடுப்பதானால் எனக்கு வேண்டாம், எல்லோர் பெயரையும் எழுதிப் போட்டு எடுங்கள், என் பெயர் வந்தால் செய்கிறேன்" என்றார். அதை அப்படியே தீர்மானமாக எழுதிக்கொண்டோம். பெயர் கொடுக்க நிலம் இருக்க வேண்டியதில்லை என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்தோம். ஏக்கருக்கு எவ்வளவு என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. ஆடிக்குள் முடிவாக வேண்டும், ஆவணியில் விதைப்பு.